சைக்கிள் இன்ஜின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ‘80 சிசி கேஸ்கட்’ என்று வாங்கி ஏமாந்த கதை

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. களத்திலிருந்து கடைசி வரப்பு வரை போய்வர, அப்பாவின் பழைய ஹெர்குலஸ் சைக்கிளில் ஒரு சீன இன்ஜின் கிட் மாட்டி வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விற்கிறார்களே, பாருக்குக் கீழே உட்காரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், அதுதான். தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். இன்ஜின் கொள்ளளவு 25 சிசியைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வண்டி. பதிவு, லைசென்ஸ் எல்லாம் வேண்டும். கிட் விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் காலையில் பெடலை மிதித்து ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினிலிருந்து சிட்டுக்குருவி கத்துவது போல ‘கீச் கீச்’ என்று சத்தம். இழுவையும் குறைந்துவிட்டது. ஹெட்டும் (சிலிண்டரின் மேல் மூடி) சிலிண்டரும் சேரும் கோட்டில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீர் தெளித்து பெடலைச் சுற்றினேன், அதே இடத்தில் நுரை பொங்கியது. இரண்டுக்கும் நடுவில் வாயு கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை.

கோவையில் இந்த கிட்டுக்குப் பார்ட்ஸ் விற்கும் ஒரு கடைக்கு வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம், பதிவின் நோக்கம் அதுவல்ல. கடைக்காரர் இன்ஜினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ஏனுங்க தம்பி, 80 சிசிதானுங்க? இதுதான் பேக்கிங்” என்று கொக்கியில் தொங்கிய ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். 150 ரூபாய். மாட்டிக் கொடுக்க 600. “பையன் அரை மணி நேரத்துல போட்டுருவான், நீங்க டீ சாப்பிட்டு வாங்க” என்றார். நானும் மரியாதையாக டீ சாப்பிடப் போனேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

முதலில் இந்த ‘80 சிசி’யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏமாற்று அங்கேயே ஆரம்பிக்கிறது. 80 என்று விற்கப்படும் இந்த இன்ஜின்களில் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 47 மி.மீ.; ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பெரும்பாலும் 38 அல்லது 40 மி.மீ. கணக்குப் போட்டால் 66-லிருந்து 69 சிசிதான் வரும். 80 என்பது ஸ்டிக்கரில் மட்டும். ஆகவே “80 சிசிக்கு ஒரு கேஸ்கட்” என்று கேட்பதற்கு அர்த்தமே கிடையாது. உங்கள் சிலிண்டரின் போர் எத்தனை மி.மீ., ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் (நீளத் திருகு) எத்தனை மி.மீ., இந்த இரண்டும்தான் கேள்வி. ஸ்டட் 6 மி.மீ.யிலும் வரும், 8 மி.மீ.யிலும் வரும். என்னுடையது 8. கடையில் இதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் அன்று கேட்கத் தெரியவில்லை.

தோப்புக்கு வந்து மூன்றே நாள். மறுபடி குருவி கத்த ஆரம்பித்தது. இந்த முறை கூடவே, சூடானபின் சுவிட்சை அணைத்தாலும் இன்ஜின் உடனே நிற்காமல் தானாகக் கொஞ்ச நேரம் தடதடத்தது. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஹெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஹெட்டு பெண்டாயிருச்சுங்க தம்பி. நீங்க ஓட்டுன ஓட்டு அப்படி. புது ஹெட்டு மாத்திரலாம், 1,800 ஆகும்” என்றார். கழற்றவே இல்லை. கழற்றாமல் பெண்டு கண்டுபிடிக்கும் கை அது! எனக்குக் கோபம் வந்தாலும் காட்டிக்கொள்ளாமல் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டுத் திண்ணையில் பழைய வேட்டியை விரித்து நானே பிரித்தேன். நான்கு நட்டுகளில் இரண்டு கையாலேயே கழன்று வந்தன. மற்ற இரண்டுக்கும் ஸ்பானரில் பைப் சொருகி ஏறி நிற்க வேண்டியிருந்தது. ஹெட்டைத் தூக்கியதும் தெரிந்தது, கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் அப்பியிருந்தார்கள். கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) மூடிக்குத் தடவினால் சரி. எரியும் வாயு நேராக அடிக்கும் இடத்தில் அது நிற்காது. பிதுங்கி வெளியேறிவிடும், அது விட்ட இடைவெளியில் நட்டும் தளர்ந்துவிடும்.

அடுத்து துளைகள். அது 6 மி.மீ. ஸ்டடுக்கான கேஸ்கட். பையன் வட்ட அரத்தை வைத்து நான்கு துளையையும் 8-க்கு ராவியிருக்கிறான். ஓரமெல்லாம் பிசிறு. அந்த அலுமினியத் தூள் ஒன்று சிலிண்டருக்குள் விழுந்து, சுவரில் நகத்தால் கீறியது போல மேலிருந்து கீழாக ஒரு கோடு. வெர்னியர் அளவுகோலை வைத்து கேஸ்கட்டின் உள் விட்டத்தை அளந்தேன்: 45 மி.மீ. போரோ 47. அதாவது சுற்றிலும் ஒரு மி.மீ. தகடு எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சூடு இறங்க வழியில்லாத அந்த விளிம்பு பழுத்துப் போய், பிளக் பொறி இல்லாமலே பெட்ரோலைப் பற்றவைத்திருக்கிறது. சுவிட்சை அணைத்தும் நிற்காமல் ஓடியதன் காரணம் புரிந்தது. விளிம்பைப் பார்த்தால் அடுப்பில் நேரடியாகச் சுட்ட அப்பளத்தின் ஓரம் போலக் கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது.

‘பெண்டு’ ஹெட்டை மேசைக் கண்ணாடியில் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, எட்டுப் போடுவது போலத் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் முகம் முழுவதும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டது. 1,800 ரூபாய் வேலை!

இன்னொரு விஷயம்தான் எனக்கு உண்மையில் பயத்தைத் தந்தது. இந்த இன்ஜினில் அந்த நான்கு நீள ஸ்டட்களும் சிலிண்டர் வழியாகவே கிராங்க் கேஸுக்குள் இறங்குகின்றன. ஹெட்டைப் பிடிப்பதும் அவைதான், சிலிண்டரை அடியில் பிடிப்பதும் அவைதான். மேலே நட்டு தளர்ந்தால் அடி கேஸ்கட்டும் தளரும். அங்கே வெளிக்காற்றை இழுக்க ஆரம்பித்தால் பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் போதாமல் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். என் வண்டியில் அடியிலும் ஈரம் கசிந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் கேஸ்கட்டோடு போயிருக்காது.

அப்புறம் நானே ஒன்று செய்துகொண்டேன். பாத்திரக் கடையில் 0.5 மி.மீ. செம்புத் தகடு கிடைத்தது. லேத்காரர் அதை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் பிடித்து, உள் விட்டம் 47.5 மி.மீ.க்கு வெட்டிக் கொடுத்தார். போரைவிட அரை மி.மீ. பெரிதாக இருந்தால் எதுவும் உள்ளே நீட்டாது. கேஸ் அடுப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டி, தண்ணீரில் போட்டேன். இரும்பானால் இறுகியிருக்கும், செம்பு இளகிவிடும். முன்பு கையில் விறைப்பாக நின்ற தகடு, எடுத்தபோது துணி மாதிரி வளைந்தது. நட்டுகளை எதிரெதிராக, 6, 12, 18 நியூட்டன் மீட்டர் என்று மூன்று சுற்றில் முறுக்கினேன். டார்க் ரெஞ்ச் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இரவல். இது 8 மி.மீ. ஸ்டடுக்கான கணக்கு, 6-க்கு இவ்வளவு கொடுத்தால் மரை போய்விடும். பிளக் துளை வழியாக சால்டரிங் ஈயக் கம்பியை விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி, நசுங்கிய நுனியை அளந்தேன். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் 1 மி.மீ. இடைவெளி இருந்தது, இடிக்காது, நிம்மதி. பத்து நிமிடம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, இன்னொரு முறை முறுக்கினேன். கால் சுற்று போனது. அதற்குப் பிறகு குருவி கத்தவில்லை. சிலிண்டரில் விழுந்த கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

கருகிய கேஸ்கட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வெர்னியரை அதன் மேல் வைத்துக் காட்டினேன். கடைக்காரர் அளவைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற மற்ற வாடிக்கையாளர்களைத்தான் பார்த்தார். பில் என்று எனக்குக் கொடுத்திருந்தது தேதிகூட இல்லாத துண்டுச் சீட்டு. அதனால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம் என்று நினைத்தும் விட்டுவிட்டேன். கேஸ்கட்டின் 150 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். கூலி 600 போனது போனதுதான்.

வெளியே வரும்போது கொக்கியைப் பார்த்தேன். அதே கவர்கள் ஏழெட்டு, ‘80 சிசி’ என்று எழுதி, இன்னும் தொங்குகின்றன.