சிந்த் அறைக்கு எந்த டிஜிட்டல் மிக்சர்? எக்ஸ்ஆர்18, எல்-12, கியூ-16, எக்ஸ்32

பல கருவிகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்சரைத் தேடுவதற்கு முன் உங்கள் சிந்தசைசர்களின் முதுகுப் பக்கத்தில் எத்தனை அவுட் இருக்கிறது என்று பாருங்கள். ரோலண்ட் ஜூனோ-106இன் கோரஸ் எஃபெக்ட் ஸ்டீரியோவில் வருகிறது. அதற்கு மிக்சரில் 2 சேனல் (ஒலி நுழையும் தடம்) வேண்டும். கோர்க் மினிலாக், மூக் சப் 37 இரண்டும் மோனோ, தலைக்கு ஒன்று. டிஆர்-8எஸ் டிரம் மெஷினில் மிக்ஸ் அவுட் 2, தனி அவுட் 6. கிக்கையும் ஸ்னேரையும் பிரித்து எடுக்க ஆசைப்பட்டால் அது ஒன்றே 8 சேனலைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீரியோவில் ஒரு சாம்ப்ளரும் இன்னொரு சிந்த்தும் சேர்ந்தால் மொத்தம் 16. கருவி என்னவோ ஆறுதான்.

இந்த 16க்கு அளவெடுத்துத் தைத்தது போல இருப்பது பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18. ஜாக்கோ எக்ஸ்எல்ஆரோ (மூன்று முள் மைக் பிளக்) எதையும் செருகக்கூடிய 16 உள்ளீடுகள், மேற்கொண்டு ஒரு ஜோடி லைன் உள்ளீடு. அந்த ஜோடியில் வெளியே இருக்கும் ரிவெர்ப் அல்லது டிலே (எதிரொலிக் கருவிகள்) தரும் ஒலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒலியைத் தனியே வெளிக் கருவிகளுக்கு அனுப்ப 6 ஆக்ஸ் அவுட் உண்டு. யுஎஸ்பி வழியாக 18 சேனல் கணினிக்குப் போகிறது, 18 திரும்பி வருகிறது. திரும்பி வரும் எண்ணிக்கையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. போன மாதம் பதிந்த டிராக்குகளை அதே சேனல்களில் மறுபடி கொண்டுவந்து, மிக்சரின் ஈக்யூ, கம்ப்ரஸர், வெளி எஃபெக்ட் எல்லாவற்றையும் போட்டு மிக்ஸ் செய்ய வேண்டுமானால் இந்த எண்தான் கைகொடுக்கும்.

குறை ஒன்று, அதுவும் பெரியது: ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியான ஃபேடரே கிடையாது. எல்லாம் டேப்லெட் திரையில்தான். இடது கை சிந்த்தின் ஃபில்டர் கட்ஆஃபை (ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் குமிழை) மெல்லத் திறந்துகொண்டிருக்கும். பேஸ் ஏறி வருகிறது, வலது கையால் அதை ஒரு இழை குறைக்க வேண்டும். உண்மையான ஃபேடர் என்றால் பார்க்காமலே விரல் போய் நிற்கும். கண்ணாடித் திரையில் முதலில் தலையைத் திருப்ப வேண்டும், சரியான பக்கம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் அந்த இடம் கடந்து போய்விடுகிறது. தனியாக வாசிப்பவருக்கு இது சின்னத் தொந்தரவு இல்லை. மோட்டார் ஃபேடர் (தானாக நகரும் ஃபேடர்) வைத்த ஒரு கன்ட்ரோலரை இதோடு சேர்த்தே நான் கணக்கிடுவேன்.

ஜூம் லைவ்டிராக் எல்-12 வேறு மனநிலைக்கு உரியது. கணினியே வேண்டாம், எஸ்டி கார்டு, ஒரு ரெக்கார்டு பொத்தான், 60 மிமீ ஃபேடர்கள். தோன்றியதும் வாசித்து, வாசித்ததைத் தனித்தனி டிராக்காக வைத்துக்கொள்ள இதை விட நேரான வழி எனக்குத் தெரியாது. ஆனால் 8 மோனோவும் 2 ஸ்டீரியோவும்தான், டிஆர்-8எஸ்ஸின் தனி அவுட்டுகளை மறந்துவிட வேண்டும். கணினிக்கு 14 சேனல் போகும், திரும்புவது 4 மட்டுமே. ஆகவே பதிவுக்கு அருமை, பின்னால் மிக்ஸ் செய்ய உதவாது. இதன் சாம்பிள் ரேட் (ஒரு நொடியில் ஒலியை அளக்கும் எண்ணிக்கை) 96 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது, எக்ஸ்ஆர்18 48இல் நின்றுவிடுகிறது. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சிந்த் பதிவுக்கு 48 தாராளம்.

ஆலன் & ஹீத் கியூ-16இல் 16 மோனோவோடு 3 ஸ்டீரியோ உள்ளீடுகளும் 17 மோட்டார் ஃபேடர்களும் இருக்கின்றன. இடமும் காசும் ஒத்துவந்தால் கைக்கு வசதியானது இதுதான்.

எக்ஸ்32ஐப் பார்த்ததும் மனம் போகும்: 25 மோட்டார் ஃபேடர், 32 உள்ளீடு. ஆனால் அந்த 32உம் எக்ஸ்எல்ஆர் மட்டும். ஜாக்கில் வெளிவரும் சிந்த்தை அவற்றில் செருகப் புது கேபிள் வேண்டும். அகலம் 90 செமீ, எடை 20 கிலோ. உள்ளே விசிறியும் உண்டு. மேடையில் கேட்காத அதன் சத்தம், நீண்டு ஒலிக்கும் ஒரு பேட் ஒலி மெல்லத் தேய்ந்து மறையும் அமைதியான அறையில் கேட்கும்.

இவ்வளவுக்குப் பதில் ஆடியோ இன்டர்ஃபேஸும் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி) கணினியும் போதாதா? வாசிக்கும்போதே கேட்பதில்தான் வித்தியாசம். எக்ஸ்32 உள்ளே வாங்கி வெளியே விட எடுப்பது 0.8 மில்லிசெகண்ட். கணினியில் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலி) 128 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு திசைக்கே ஏறத்தாழ 2.7 மில்லிசெகண்ட், போய்வர இரட்டிப்பு, மற்ற தாமதங்கள் தனி.

ஆக்ஸில் கிட்டார் டிலே பெடலைப் போடுபவர்களுக்கு ஒன்று. ஆக்ஸ் அவுட்டின் லெவல் பெடலுக்கு மிகவும் அதிகம். ஆக்ஸ் மாஸ்டரை 20 டெசிபல் அளவுக்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். பெடல் திரும்பி வரும் சேனலில் அதே ஆக்ஸுக்கு ஒலியை அனுப்பும் சென்ட் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி ஏறிவிடும். அதே சென்டை வேண்டுமென்றே கொஞ்சம் திறந்தால், எதிரொலி தன்னைத்தானே தின்று வளரும் டப் பாணி ஒலி கிடைக்கும். அந்த விளிம்பில் அதை நிறுத்திவைப்பது உண்மையான ஃபேடரில் விரலுக்குத் தெரியும்.