மூடில் தளமும் சிவப்புப் பட்டியலும்: ஒரு வகுப்பு ஆலோசகரின் அனுபவம்

எங்கள் பொறியியல் கல்லூரியில் மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளம் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பாடக்குறிப்பு ஏற்றவும் அசைன்மென்ட் வாங்கவும்தான் பலர் அதைத் திறக்கிறார்கள். வகுப்பு ஆலோசகரான எனக்குத் தேவை வேறு: யாருக்கு அரியர் விழப்போகிறது என்பது பருவத் தேர்வுக்கு முன்பே தெரிய வேண்டும்.

2017 இறுதியில் வந்த 3.4 பதிப்பு முதல், இடையில் நின்றுவிடக்கூடியவர்களைக் கணிக்கும் வசதி மூடிலிலேயே இருக்கிறது. தனிக் கட்டணம் இல்லை. ஆனால் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உள்ள பழைய பாடங்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும். எங்கள் ஆட்களோ முடிவுத் தேதியே போடுவதில்லை. ஒரே பாடப்பக்கத்தை ஆண்டுதோறும் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறார்கள். அதோடு, பாடத்தின் கடைசிக் கால்பகுதியில் தளத்தில் நடமாட்டமே இல்லாதவரைத்தான் அது 'நின்றுவிட்டவர்' என்று கொள்கிறது. நேரடி வகுப்புக்கு இந்த அளவுகோல் ஒத்துவராது. ஒருவன் பாடக்குறிப்பை இறக்கினால் அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் வழியே எல்லோர் கையிலும் இருக்கும். தளத்தில் தலையே காட்டாத மாணவி முதல் மதிப்பெண் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கைகொடுப்பது மூடிலில் உள்ள மதிப்பெண் பதிவேடுதான். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் அதை எக்செல்லில் இறக்கி, பக்கத்திலேயே வருகைப்பதிவை மணிவாரியாக ஒட்டிக்கொள்கிறேன். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும் என்பதால், வருகை மென்பொருள் அதற்குக் கீழே போனால்தான் சிவப்பு காட்டும். ஒரு மாணவனின் மொத்த வருகை 80 சதவீதத்துக்கு மேல்; ஆகவே சிவப்பு இல்லை. மணிவாரியாகப் பார்த்தால் முதல் மணி நேரம் மட்டும் வரிசையாக ஆப்சென்ட். அந்த மணி நேரம் கணிதம். அதில் அவன் வாங்கியது ஒற்றை இலக்கம். கேட்டபோது, ஊரிலிருந்து வரும் காலை பஸ்ஸின் நேரம் மாறிவிட்டது என்றான். கணிதத்தை மூன்றாம் மணி நேரத்துக்குத் தள்ளினோம். அதே தடத்தில் வரும் வேறு சிலரும் பிழைத்தார்கள்.

மாணவர் நிலையை வண்ண விளக்குகளாகக் காட்டும் மென்பொருளை விற்க நிறுவனங்கள் வரும்போதெல்லாம் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தின் 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்ற எச்சரிக்கை மென்பொருள் நினைவுக்கு வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை எச்சரிக்கைகளால் மாணவர்கள் படிப்பில் நிலைத்தார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகம் சொன்னது. அந்த எச்சரிக்கைகள் இருந்த பாடங்களை எடுத்ததால் நிலைத்தார்களா, நிலைத்துப் படித்தவர்களுக்கு அத்தகைய பாடங்கள் தாமாகவே அதிகம் சேர்ந்தனவா என்று 2013இல் விமர்சகர்கள் கேட்டார்கள். விற்க வருகிறவர்களிடம் நானும் அதையே கேட்கிறேன். இதுவரை உருப்படியான பதில் வரவில்லை.

ஒருமுறை நிர்வாகம், அரியர் விழக்கூடியவர்களின் பெயர்கள் கொண்ட சிவப்புப் பட்டியலைத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பெற்றோரையும் வரச் சொன்னது. அடுத்த வாரமே மூடிலின் எல்லாப் பாடப்பக்கங்களிலும் மாணவர்களின் 'முடித்தாயிற்று' குறி விழுந்தது. படித்த சுவடு மட்டும் இல்லை. அதற்குப் பிறகு பட்டியல் என்னிடமும் பாட ஆசிரியரிடமும் மட்டுமே இருக்கிறது. மாணவரை அழைப்பதும் தனியாகத்தான்.

புதிதாகத் தொடங்குவோர் பதிவேட்டையும் மணிவாரி வருகையையும் முதலில் ஒழுங்காக நிரப்பட்டும். கணிப்பு வசதியை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.