கொசுவலை டென்ட் உயர் பாலைவனத்தில் தாங்குமா?

கடைகளில் அதிகம் கிடைப்பது இரண்டு பேர் படுக்கும் மூன்று பருவ டென்ட் (கடுங்குளிர்காலம் தவிர மற்ற பருவங்களுக்கானது): உள்கூடு பாதிக்கு மேல் கொசுவலை, அதன்மேல் மழைத்துணி. காட்டுக்கு அருமை. 1,200 மீட்டருக்கு மேலுள்ள வறண்ட பாலைவனத்தில் முதல் ராத்திரியே குறைகள் தெரிந்துவிடும்.

பெரிய குறை, டென்டைத் தரையோடு பிணைக்க அடிக்கும் முளைகள். கூடவே தரும் 15 செ.மீ. கம்பி முளை மணலில் நிற்காது. 25–30 செ.மீ. நீள அகல முளை தனியாக வாங்குங்கள். இல்லையென்றால் துணிப்பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, 30 செ.மீ. ஆழத்தில் புதைத்து மிதித்து இறுக்குங்கள். கம்பிச் சட்டத்தில் தானாக நிற்கிறதே என்று முளையடிக்காமல் விட்டால், பிற்பகல் காற்றில் காலி டென்ட் பட்டமாகப் பறக்கும்.

அடுத்தது தூசி. மழைத்துணிக்கும் தரைக்கும் இடையே உள்ள சந்தில் புகும் நுண்மணல் வலை வழியாகப் படுக்கை மேல் கொட்டும். வலைக்குப் பதில் துணிச்சுவர் அதிகமுள்ள மாடலே இங்கே நல்லது; ராத்திரிக் குளிருக்கும் அது உதவும். ஜிப் சிக்கினால் எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டி இன்னும் மோசமாகும். பல் தேய்க்கும் பிரஷால் தட்டிவிட்டாலே போதும்.

வெயிலில் நைலான் சீக்கிரம் நைந்துபோகும், பாலியஸ்டர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். முள் குத்தாமலிருக்க அடிவிரிப்பு கட்டாயம்.

ஒரு நிறை: காற்று வறண்டிருப்பதால் உள்ளே ஈரம் கோப்பது குறைவு. ஆனால் எந்த டென்டானாலும் வறண்ட ஓடைப் படுகையில் அடிக்காதீர்கள். எங்கோ பெய்த மழைக்கு இங்கே வெள்ளம் வரும்.