காரைக்குடியில் மூன்று வங்கிச் செயலிகள்

சிங்கப்பூரில் இருக்கும்போது ஊர்க் கணக்கை எப்போதாவது திறந்து இருப்பைப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அந்த அளவில் எல்லா வங்கியும் நல்ல வங்கிதான். இந்த முறை காரைக்குடியில் வீட்டு மராமத்து நடந்தது. சிமெண்ட், கூலி, சொத்து வரி, அம்மாவின் மருந்து என்று நாள்தோறும் பணம் போய்க்கொண்டிருந்ததில், எங்கள் வீட்டில் புழங்கும் மூன்று வங்கிகளின் இணையச் சேவையும் சாயம் வெளுத்தது.

முதலாவது ஒரு பொதுத்துறை வங்கி. படிக்கும் காலத்தில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு. வெளிநாடு போனபின் விதிப்படி, வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் இந்தியாவில் வரும் வருமானத்துக்காக வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றியாயிற்று. வாடகை அதில்தான் விழுகிறது. நுழைய ஒரு கடவுச்சொல், பணம் அனுப்ப இன்னொன்று, நடுவில் கோணல்மாணலான எழுத்துகளைப் படித்து உள்ளிட வேண்டும். கொத்தனாரைப் பெறுநராகச் சேர்க்கும்போது, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு எண்ணை நகலெடுத்து ஒட்டினால் கட்டம் ஏற்கவில்லை. கையாலேயே இரண்டு முறை தட்ட வேண்டும். எண் மாறிப் பணம் வேறு யாருக்கோ போய்விடக் கூடாது என்று வைத்த கெடுபிடி அது. ஆனால் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் அனுப்புமுன் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லிவிட்டது. இங்கும் அந்த வசதி வந்திருக்கிறது. எண்ணைத் தட்டி முடித்ததும் கொத்தனாரின் பெயர் தலைப்பெழுத்தோடு திரையில் வந்து நின்றது. அவரே எட்டிப் பார்த்து, "நான்தான் தம்பி, அனுப்புங்கள்" என்றார். பெயரே தெரிந்த பிறகும் எதற்காக இரண்டு முறை தட்டச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

இவ்வளவு திட்டினாலும், ஊரில் இருந்தவரை எனக்குக் கைகொடுத்தது இந்த வங்கிதான். ஓடிபி என் சிங்கப்பூர் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் சேர்ந்தே வந்தது. ஒன்று தாமதித்தால் மற்றொன்று. வெளிநாட்டில் வாழ்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதியை எந்த வண்ணத் திரையும் தந்துவிட முடியாது.

இரண்டாவது, பெரிய தனியார் வங்கி ஒன்றில் இருக்கும் என்ஆர்இ கணக்கு; வெளிநாட்டில் சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பிப் போட்டுவைப்பதற்கானது. செயலி பளிங்கு மாதிரி இருக்கும். விரல் ரேகை வைத்தால் உள்ளே; வைப்புநிதி தொடங்குவது கண் இமைக்கும் நேரம். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்ஆர்ஓ வட்டிக்கு முதலிலேயே பிடித்துவிடுவார்கள் என்பதால் இரு வகைக் கணக்கும் வைத்திருப்பவர்களுக்கு வட்டியைத் தனித்தனியாகக் காட்டும் அதன் அறிக்கையும் நேர்த்தியானது. சிக்கல் யுபிஐயில் வந்தது. சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியிலேயே யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் வழிவிட்டிருக்கிறது. இந்தச் செயலியோ "இந்திய எண்ணை உள்ளிடவும்" என்ற ஒரே பாட்டைப் பாடியது. கிளைக்குப் போனேன். அங்கிருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்: "சார், இந்திய நம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும்." மாற்றினால், நான் திரும்பிப் போனபின் ஓடிபி வாங்குவதற்காகவே ஓர் இந்திய சிம்முக்கு ஆண்டு முழுக்க ரீசார்ஜ் செய்து, அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன். டீக்கடையில் தொடங்கி நுங்கு விற்பவர் வரை க்யூஆர் அட்டை வைத்திருக்கும் ஊரில், நான் மட்டும் சில்லறை நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது அம்மாவுடையது, தமிழ்நாட்டிலேயே பிறந்த பழைய வங்கி. செயலியைத் தமிழுக்கு மாற்ற முடிகிறது, எழுத்தும் பெரிது. அம்மாவே மின்கட்டணம் கட்டிவிடுகிறார். ஆனால் ஏதாவது தவறிப்போனால் வருகிற எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை தமிழில் பேசிவிட்டு, தடுமாறும் நேரத்தில் மொழி மாற்றுவது என்ன நியாயமோ! "இது என்னடா சொல்கிறது?" என்று அம்மா என்னிடம் கைபேசியை நீட்டியதெல்லாம் அந்த மாதிரி நேரத்தில்தான்.

சிங்கப்பூரின் பெரிய வங்கிகள், கைபேசியிலேயே ஆளை உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்கள் உள்நுழைவதற்கு ஓடிபி கேட்பதை 2024இலேயே படிப்படியாக நிறுத்தத் தொடங்கிவிட்டன. இந்தியாவிலும் குறுஞ்செய்தி ஓடிபியை மட்டுமே நம்பியிராமல் வேறு சரிபார்ப்பு முறைகளுக்கும் இடம்தரும் விதிகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வருவதாக அறிவிப்பு. வழி திறந்துவிட்டது என்றாலும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக அந்த வழியில் எந்த வங்கி முதலில் நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் என் அடுத்த வைப்புநிதியை எங்கே போடுவது என்று முடிவு செய்வேன்.

ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். வங்கியில் பதிவாகியிருக்கும் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி வருகிறதா என்று ஒரு சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு இருந்ததால், உலாவியில் சேமித்து வைத்திருக்கும் பழைய முகவரிகளை அழித்துவிட்டுப் புதியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.