கல் போட்டு மறிப்பதா, கடலுக்கு இடம் விடுவதா?

யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் கட்டடம் எழுப்ப நினைப்பவர்களுக்கு இரண்டே வழிதான். பாறாங்கல் கொட்டி அலையை மறிக்கலாம், அல்லது கரையை விட்டுத் தள்ளிக் கட்டலாம்.

கல் தடுப்பணையின் பலன் உடனே கண்ணுக்குத் தெரியும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் கரையே சுண்ணாம்புக்கல். வீதியும் வீடுகளும் கடலை ஒட்டியே நிற்கின்றன. அங்கே போய் "விலகுங்கள்" என்று சொல்வது நடக்கிற காரியமா? கல்தான் சரி.

மணற்கரையில் கதை வேறு. கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலை அரித்துக்கொண்டு போகும். கரையோரமாக நகரும் மணலும் தடைப்படுவதால், அணை முடியும் இடத்துக்கு அடுத்த ஊர் தேயும். அப்புறம் அவர்களும் கல் கேட்பார்கள். கரைவலை இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் மணல் வேண்டுமே, அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்ற ஊரைப் பாருங்கள். காற்று குவித்த மணல்மேடுகள், மணலுக்குள் கிடக்கும் பழைய தேவாலயத்தின் இடிபாடுகள். இந்த மேடுகள்தான் புயலலையின் வேகத்தைக் குறைக்கின்றன; மழைநீரைத் தேக்கி, உவர்நீர் கிணறுகளுக்குள் ஏறாமலும் காக்கின்றன. அவற்றை லொறியில் அள்ளிவிட்டுப் பிறகு கல் கொட்டுவது வீண் செலவு. நீரேரிக் கரைகளில் கண்டல் மரங்களை விட்டுவைத்தால் போதும்.

இடம் விடுவதிலும் வலி உண்டு. 2004 சுனாமிக்குப் பின் உள்ளே குடியேற்றப்பட்ட மீனவர்களைக் கேட்டால் தெரியும்: வள்ளம் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம். அதனால் என் தேர்வு இதுதான்: மணற்கரையில் வாடியும் (மீனவர் கொட்டில்) வள்ளமும் கரையில் இருக்கட்டும், விடுதியும் மாடிவீடும் பின்னால் போகட்டும்.