வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, ட்ரூபலா: எது எங்கே கதவைத் திறந்து விட்டது?

வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றும் இணையத்தளம் கட்டி நடத்த உதவும் மென்பொருள்கள். தலவாக்கலைப் பக்கம் ஒரு கோயிலுக்கு வேர்ட்பிரஸில் தளம் செய்து கொடுத்தேன். தேர் முடிந்த கிழமை, கொழும்பில் வேலை செய்யும் ஊர்ப் பையன் அழைப்பெடுத்தான். "அண்ணே, நன்கொடைப் பட்டியல் லொகின் இல்லாமலே இறங்குது." பெயர், போன் இலக்கம், தொகை எல்லாமே.

குற்றவாளி ஒரு பிளகின், அதாவது தளத்தில் கூடுதலாகப் பொருத்தும் துணை நிரல். எழுதியவர் 'இஸ் அட்மின்' என்ற கட்டளையை நம்பியிருந்தார். பெயரைப் பார்த்தால் வந்தவர் நிர்வாகியா என்று கேட்பது போலிருக்கும். அது பார்ப்பதோ, வந்த இடம் நிர்வாகப் பக்கமா என்பதை மட்டும். ஆளை விசாரிக்க 'கரண்ட் யூசர் கேன்' என்று வேறொன்று இருக்கிறது.

சரி, பிளகின்தான் மோசம் என்றால், வேர்ட்பிரஸின் மைய நிரலும் ஒருமுறை சறுக்கியிருக்கிறது. 4.7, 4.7.1 பதிப்புகளில் பதிவு எண் 1 என்பதை '1ஏபிசி' என்று அனுப்பினால், அனுமதி பார்க்கும் இடம் "அப்படியொரு பதிவே இல்லை" என்று தடுக்காமல் விட்டுவிடும். திருத்தும் இடத்தில் எழுத்துகள் உதிர்ந்து மறுபடி 1 ஆகும். முன்பின் தெரியாதவன் உங்கள் பதிவை மாற்றிவிடுவான். தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாள் பெயர்ப்பட்டியலில்) பேர் இல்லாதவனைப் பெரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) மறிக்காமல் மலைக்கு அனுப்பிய கதைதான். 2017 ஜனவரியில் 4.7.2 வந்தது. சின்னப் பதிப்புகள் தானாக ஏறும் என்பதால் நிறையப் பேர் தப்பினார்கள்.

ஜூம்லாவில் 4.0.0 முதல் 4.2.7 வரை, ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் தரவு கேட்கும் வாசல்) முகவரியின் வாலில் 'பப்ளிக்=ட்ரூ' ஒட்டினால் தரவுத்தளக் கடவுச்சொல்கூட வெளியே வந்தது. 2023 பெப்ரவரியில் அடைத்தார்கள். அதற்குமேல் எனக்கு அதில் ஆர்வமில்லை.

ட்ரூபல்தான் யோசிக்க வைத்தது. எந்தப் பொறுப்பிலிருப்பவர் எதைத் தொடலாம் என்பதற்குக் கட்டம் கட்டமாக டிக் போடும் பக்கம் இருக்கிறது. பல கிளைகள் உள்ள சங்கத்துக்கு அதைத்தான் சொல்வேன், அப்டேட் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தால். 2014 அக்டோபர் 15இல் வந்த எஸ்கியூஎல் ஓட்டைக்கு (வெளியாள் தரவுத்தளத்துக்குள் கட்டளை நுழைக்கும் வழி), அறிவித்த 7 மணித்தியாலத்துக்குள் திருத்தாத தளம் பறிபோனதாகவே கருதச் சொன்னார்கள். அது அனுமதிக் கோளாறு இல்லைதான். ஆனால் மழைக்குக் கரண்ட் போகும் ஊரில் 7 மணித்தியாலம் எந்த மூலைக்கு?

கோயில் வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. பத்தொன்பது பிளகினில் நான்குதான் மிச்சம். நன்கொடைப் பட்டியல் பொருளாளர் ஐயா கையால் எழுதும் சீஆர் கொப்பிக்குப் போய்விட்டது.