ஓட்டை போல்ட்டும் என் ஆர்15-உம்

"போல்ட்டு ஓட்டையா இருந்துச்சுணா. புச்சு போட்டுட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

கிளட்ச் பிளேட் மாற்றக் கொடுத்திருந்த வண்டியைப் போன வாரம் எடுக்கப் போனபோது மெக்கானிக் தம்பி சொன்னது இது. முகமெல்லாம் உபகாரம் செய்த பெருமை. கிளட்ச்சைப் பிரிக்க ஆயிலை வடித்திருக்கிறான். வடிக்கும்போது அந்த ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் குறுக்காக ஒரு துளையைப் பார்த்திருக்கிறான், அதைச் சுற்றி முறுக்கிய கம்பியைப் பார்த்திருக்கிறான். எவனோ கஞ்சன் உடைந்த போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டி ஓட்டுகிறான் என்று நினைத்துவிட்டான். பந்தயத்துக்காகப் போட்ட அந்தத் துளைக்காக நான் மூன்று ட்ரில் பிட் உடைத்தவன். ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே வாரம் சித்தப்பா பையன் கேட்டான்: "நானும் ஒரு யமஹா ஆர்15 எடுத்து ரேஸ் ட்ராக்குக்கு ரெடி பண்ணட்டுமாணா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான்.

என் வண்டி 2018 வி3, அதாவது ஆர்15-இன் மூன்றாவது வெர்ஷன். 2021-ல் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. 155 சிசி, பின்னால் 140 டயர், ஸ்லிப்பர் கிளட்ச், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. வார நாளில் இதே வண்டியில்தான் புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறேன். பந்தயம் வந்தால் குட்டி யானை வேனில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். 7,400 ஆர்பிஎம்மில் வால்வைத் திறக்கும் கேம் மாறுகிற அந்த விவிஏ (வேரியபிள் வால்வ் ஆக்சுவேஷன்), ஊருக்குள் இருக்கிறதா என்றே தெரியாது. ட்ராக்கில் ஆர்பிஎம் முள் அதற்குக் கீழே இறங்கவே விடமாட்டோம் என்பதால் அங்கே வேறு ஒரு வண்டி ஓட்டுவது போல இருக்கும். 3.717 கிலோமீட்டர் சுற்றில் நேர் ரோட்டில் பெரிய வண்டிகள் என்னை ஈ மாதிரி விட்டுவிட்டுப் போகும். வளைவில் பிரேக் பிடித்து இரண்டு கியர் சடாரென்று இறக்கினாலும் ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் பின் சக்கரம் துள்ளாது. அந்த இடத்தில் அவர்களைத் திரும்பப் பிடிக்கிற சுகத்துக்காகவே இந்த வண்டியை விற்காமல் இருக்கிறேன்.

தயார் செய்யும் வேலைகளில் முக்கால்வாசி சாதாரணம். கண்ணாடி, நம்பர் பிளேட், இண்டிகேட்டர் கழற்ற வேண்டும். விழுந்தால் சில்லு சிதறாமல் இருக்க ஹெட்லைட்டில் டேப். பிரேக்குக்கு ஸ்டீல் பின்னிய ஹோஸ், நல்ல பேட், புது டாட் 4 ஆயில். கூலண்டை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர். கூலண்டில் இருக்கும் கிளைகால் என்ற ரசாயனம் தரையில் கொட்டினால் வழவழப்பு லேசில் போகாது, பின்னால் வருகிறவன் விழுவான். உறைந்துபோகும் என்ற பயம் நம் ஊரில் கிடையாது. ஆனால் உள்ளே துருப்பிடிக்கும் என்பதால் திங்கட்கிழமை பழையபடி கூலண்ட் ஊற்ற வேண்டும். சைடு ஸ்டாண்டும் கழற்றணும். எங்கள் சந்தில் ஸ்டாண்ட் இல்லாத வண்டியைச் சாத்தி வைக்க ஒரு சுவர்தான் உண்டு, அது பக்கத்து வீட்டு அத்தை கோலப்பொடி டப்பா வைக்கிற சுவர். அந்தச் சண்டையைத் தனியாக எழுதலாம்.

இதெல்லாம் ஒரு ராத்திரி வேலை. கம்பிதான் வேலை.

ஆயில் வடிக்கும் போல்ட், ஊற்றும் மூடி, ஃபில்டர் மூடி போல்ட், பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாவற்றையும் தலையில் துளை போட்டுக் கம்பியால் பூட்ட வேண்டும் என்பது பந்தய விதி. அதிர்வில் போல்ட் கழன்றால் ஆயில் நேராக நம் பின் டயரில்தான் விழும், அப்புறம் ட்ராக்கில். விதி நியாயமானது, அதில் எனக்குச் சண்டை இல்லை. முதல் பந்தயத்துக்கு வீட்டு மாடியில் கிடந்த கட்டுக்கம்பியை எடுத்துச் சுற்றிக்கொண்டு போனேன். "கொத்தனார் வேலைக்குப் போறியா?" என்று அம்மா அப்போதே கேட்டாள். பந்தயத்துக்கு முன் வண்டிப் பரிசோதனையில் இருந்தவர் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். காசிமேட்டுக் கடல்காற்றில் இரண்டு வாரம் நின்ற கம்பி, துருவேறி பட்டென்று அறுந்தது. "என்ன தம்பி, சென்ட்ரிங் கட்டியிருக்கீங்களா?" அன்றைக்கு வண்டி ட்ராக்கில் இறங்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

அப்புறம் பாரிமுனையில் 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் வாங்கினேன். துளை போடுவதற்கு ஹேண்ட் ட்ரில்லில் முயன்றுதான் அந்த மூன்று பிட்டும் போனது. போல்ட் தலை கடினமான இரும்பு, அறுகோணத்தின் முகம் வழுக்கும், பிட் ஒன்றரை மில்லிமீட்டர். கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் கொடுத்தேன். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, அவசரமே படாமல், ஒரு போல்ட்டுக்கு ஒரு டீ நேரம் எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் சைக்கிளில் செங்குன்றம் தாண்டிச் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போனவராம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். "இங்க இருந்துச்சுப்பா ரேஸு. நீ ஊரைச் சுத்திக்கினு அந்தக் கோடிக்குப் போற" என்றார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வந்தது இன்னும் அவருக்கு ஆறவில்லை.

துளை போட்டதோடு தீரவில்லை. கம்பி போல்ட்டை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் கட்டாததற்குச் சமம். துளை வழியே மடித்துப் போட்ட கம்பியின் இரண்டு இழையையும் ஒரு அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு வருகிற மாதிரி முறுக்கணும். குறைந்தால் தொளதொளக்கும், கூடினால் கம்பி களைத்து ஒடியும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் அறுத்துவிட்டு முதலிலிருந்து. வெட்டிய நுனியை மடக்க மறந்தால் அடுத்த முறை துடைக்கும்போது விரலில் ஏறும். என் கட்டைவிரலில் இப்போதுகூட ஒன்று இருக்கிறது.

போன வருடம் ஒரு வளைவில் வண்டியை விட்டுவிட்டேன். வலது பக்கமாகச் சறுக்கிப் போய் மண்ணில் நின்றது. ஃபுட்பெக், லீவர், ஃபேரிங் போச்சு. ஒரு சொட்டு ஆயில் வெளியே வரவில்லை. கம்பிதான் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கு மனமில்லை, கம்பி இல்லாமலும் அந்த போல்ட் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதலில் தொட்டுப் பார்த்தது அதைத்தான்.

சரி, சித்தப்பா பையனுக்குப் பதில். வண்டி? இந்த விலைக்கு ட்ராக்கில் ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்லது நான் ஓட்டிப் பார்க்கவில்லை. பத்துக்குப் பத்து. வாங்கி ரெடி பண்ணட்டுமா என்றால், வேண்டாம். வேலைக்குப் போகிற வண்டியையே பந்தயத்துக்கும் வைத்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை கழற்றி திங்கட்கிழமை மாட்டுகிற பிழைப்பு எனக்கு வந்தது போதும். ரொம்ப ஆசையாக இருந்தால் ரோட்டில் ஓட்டாமல் ஆர்சி புக்கை மறந்துவிடக்கூடிய அடிபட்ட வண்டி ஒன்றைப் பார். முதலில் பயிற்சிக்குப் போய் இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் உரிமம் எடு, லெதர் சூட்டுக்குக் காசு சேர். இதைச் சொன்னதும் அவன் "அப்போ உன் வண்டியைக் கொடுத்துடுணா" என்றான். போனை வைத்துவிட்டேன்.

பழைய போல்ட் நேற்று கிடைத்துவிட்டது. மெக்கானிக் தம்பியின் பெயிண்ட் டப்பாவில், கறுப்பு ஆயிலுக்கு அடியில், நூறு போல்ட்டோடு ஒன்றாகக் கிடந்தது. அவனும் கூட உட்கார்ந்து தேடினான். எதற்கு என்று கேட்கவில்லை. அடையாளத்துக்கு அதன் தலையில் தங்கச்சியின் சிவப்பு நெயில் பாலிஷைத் தடவிக் காய வைத்திருக்கிறேன். வாஷர் மட்டும் புதிதாக வாங்க வேண்டும்.